மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா: கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லையை யார், எப்படிக் காக்கிறார்கள்? எளிய விளக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற தென்னேரி ஏரியை எடுத்துக்குவோம். அதுக்கு கரை இருக்கு, மதகு இருக்கு, கலங்கல் இருக்கு. ஏரி எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு கேட்டா ஊர்ல யாரா இருந்தாலும் கை நீட்டிக் காட்டிடுவாங்க. ஆக்கிரமிப்பு நடந்தா அளந்து பார்த்துடலாம்.

ஆனால், கடலில் ஒரு பகுதியை மட்டும் "இது பாதுகாக்கப்பட்ட இடம்" என்று அரசு அறிவித்தால்? அதற்கு எல்லைக்கல் எங்கே நடுவது? மீனுக்கும் படகுக்கும் அந்த எல்லை எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி 1986 முதல் இருக்கிறது. அந்த ஆண்டுதான் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அது எங்கே இருக்கிறது, யார் நிர்வகிக்கிறார்கள், அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, அதனால் யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

ராமநாதபுரம் மாவட்டம் பாம்பன் தொடங்கி தூத்துக்குடி வரை, சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. மொத்தம் 21. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரித்திருக்கிறார்கள். குருசடை, முயல் தீவு, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு போன்றவை இதில் வரும்.

இந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் சேர்ந்ததுதான் தேசியப் பூங்கா. மொத்தப் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதில் 21 தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 6 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். மீதி எல்லாமே தண்ணீர்.

அடிக்கடி குழப்பம் வருகிற இன்னொரு பெயர், மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். இது 1989-ல் மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்கா இதன் மையப் பகுதி. சுலபமாகச் சொன்னால், காப்பகம் என்பது முழு வீடு, பூங்கா என்பது அதற்குள் இருக்கிற பூஜை அறை. வீட்டில் எல்லோரும் புழங்கலாம். பூஜை அறைக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு.

அங்கே அப்படி என்ன இருக்கு?

முதலில் பவளப்பாறை. இங்கே 117 வகையான கடினப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. பவளம் என்பது கல் அல்ல, உயிரினம். கோடிக்கணக்கான நுண்ணிய உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் குடியிருப்பு அது. மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கொடுப்பது அதுதான்.

அடுத்தது கடற்புல். கடலின் அடியில் புல்வெளி போல வளரும். இதை மேய்ந்து வாழ்கிற பாலூட்டிதான் கடற்பசு. மீனவர்கள் இதை ஆவுளியா என்று சொல்வார்கள். கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை என மொத்தம் 3,600-க்கும் அதிகமான உயிரின வகைகள் இந்தப் பகுதியில் வாழ்வதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

"மீனும் பவளமும் இருந்தா எனக்கென்ன?" என்று கேட்கலாம். கரைக்கு வருகிற அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது இந்தப் பாறைகளும் தீவுகளும்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு, பாறை இருந்தால்தான் ஊருக்குப் பாதுகாப்பு என்ற எண்ணமும் கரையோரத்தில் வலுத்தது. 2005 வாக்கில் அங்கே பவளம் வெட்டுவது நின்றது. சட்டமும் மக்களின் புரிதலும் ஒன்றுசேர்ந்தபோது நடந்த மாற்றம் இது.

எல்லை எங்கே?

இந்தப் பூங்காவின் எல்லை தூரத்தை வைத்து மட்டும் போடப்பட்டதல்ல. ஆழத்தை வைத்துப் போடப்பட்டது. தீவின் கரைப்பக்கம் மூன்றரை பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் 5 பாகம் ஆழம் வரை பூங்கா. ஒரு பாகம் என்பது ஏறக்குறைய 1.8 மீட்டர், அதாவது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அப்படியானால் கரைப்பக்கம் சுமார் 6 மீட்டர், வெளிப்பக்கம் சுமார் 9 மீட்டர் ஆழம்.

அனுபவமுள்ள மீனவருக்கு ஆழம் தெரியும். ஆனால், வலை விரித்த பிறகு நீரோட்டத்தில் படகு நகர்ந்தால்? ராத்திரியில் என்றால்? "நான் வெளியேதான் இருந்தேன்" என்று மீனவர் சொல்வார். "இல்லை, உள்ளே வந்துட்டீங்க" என்று ரோந்துப் படகில் வந்தவர் சொல்வார். பல தகராறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சட்ட ரீதியாகவும் ஒரு சிக்கல் உண்டு. தேசியப் பூங்கா அமைப்பது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில், "இந்த இடத்தைப் பூங்காவாக்க உத்தேசித்திருக்கிறோம்" என்று அரசு அறிவிக்கும். பிறகு, அங்கே ஏற்கெனவே இருக்கிற மக்களின் உரிமைகளை விசாரித்துத் தீர்த்துவைத்து, இறுதி அறிவிக்கை வெளியிட வேண்டும். 1986-ல் வந்தது முதல் கட்ட அறிவிப்பு. உரிமைகளைத் தீர்க்கிற வேலை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இழுத்தது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளில் இறங்கி ஓய்வெடுத்த, பாசி எடுத்த மக்களின் நிலை இதனால் தெளிவில்லாமலே இருந்தது.

யார் கையில் நிர்வாகம்?

ஒரே துறை என்று நினைத்தால் தவறு.

• வனத்துறை: தேசியப் பூங்கா இவர்கள் பொறுப்பு. ராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வன உயிரினக் காப்பாளர் இதற்குத் தலைமை வகிக்கிறார். ரோந்துப் படகு, வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வழக்குப் பதிவு எல்லாம் இவர்கள் வேலை. சமீப ஆண்டுகளில் மரைன் எலைட் ஃபோர்ஸ் என்ற சிறப்பு ரோந்துப் படையும் அமைக்கப்பட்டது.

• மீன்வளத்துறை: படகுப் பதிவு, மீன்பிடித் தடைக்காலம், எந்த வலை கூடாது என்பதெல்லாம் இவர்கள் பார்ப்பது. இதற்கு அடிப்படை 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்.

• கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ், இந்தியக் கடலோரக் காவல்படை, சுங்கத்துறை: கடத்தலைத் தடுப்பது இவர்கள் பங்கு.

• மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை: கடலோரக் கிராமங்களோடு வேலை செய்வதற்காக அரசே உருவாக்கிய அமைப்பு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பூங்காவுக்கு வெளியே நடப்பது வன உயிரினக் காப்பாளர் கையில் இல்லை. தூத்துக்குடித் தொகுதித் தீவுகளுக்குப் பக்கத்திலேயே பெரிய துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. ஊர்க் கழிவுநீரும் கடலுக்குத்தான் வருகிறது. தண்ணீருக்கு எல்லை தெரியாது என்பதால், வெளியே கலப்பது உள்ளேயும் வந்துவிடும்.

என்ன செய்யலாம்? என்ன செய்யக்கூடாது?

• அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக்கூடாது.

• பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கவோ, பாசி, பவளம், சங்கு, சிப்பி எடுக்கவோ கூடாது.

• கடல் அட்டை, கடல் குதிரை, கடற்பசு, கடல் ஆமை ஆகியவற்றைப் பூங்காவுக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியேயும் பிடிக்கக்கூடாது. கடல் அட்டை 2001-ல் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

• விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இது கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் பொருந்தும். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது.

• இரட்டை மடி, சுருக்குமடி வலைகளுக்குத் தடை இருக்கிறது.

தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை. குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய்.

அப்படின்னா சுற்றுலாப் பயணிகள் போகவே முடியாதா? போகலாம். குந்துகாலில் இருந்து குருசடை தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. ஆனால், கடற்கரையில் கிடந்தது என்று ஒரு பவளத் துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்துவராதீர்கள். அதுவும் குற்றம்தான்.

கடல் அட்டை விவகாரம் ஏன் ஓயவே இல்லை?

ராமநாதபுரம், தூத்துக்குடி செய்திகளில் "கடல் அட்டை பறிமுதல்" என்பது அடிக்கடி வரும். கிழக்காசிய நாடுகளில் இதற்கு நல்ல விலை. இங்கே பிடிப்பது குற்றம். ஆனால், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே உயிரினம், இரண்டு சட்டம். கடத்தலுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

"முழுத் தடை வேண்டாம், அளவோடு பிடிக்க விடுங்கள்" என்பது மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. "எண்ணிக்கை மீண்டும் குறைந்துவிடும், கண்காணிப்பது கஷ்டம்" என்பது மறுதரப்பு. கடல் அடியில் இருக்கிற மண்ணை உண்டு சுத்தம் செய்வது கடல் அட்டையின் வேலை. அது குறைந்தால் அடித்தளமே கெடும் என்பதும் உண்மை.

பாசி எடுக்கும் பெண்கள் என்ன ஆனார்கள்?

பூங்காவின் பாரம் அதிகமாக விழுந்தது இவர்கள் மேல்தான். பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் பெண்கள் பல தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்து பாசியிலிருந்து அகர் தயாரிக்கிறார்கள். உணவு, மருந்துத் தொழிலில் அதற்கு நல்ல தேவை இருக்கிறது.

பாசி நன்றாக விளைவது தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில். அந்த இடம்தான் பூங்காவானது. நேற்று வரை பிழைப்பு நடந்த இடத்துக்குப் போனால் இன்று வழக்கு, அபராதம் என்ற நிலை வந்தது. 2000-க்குப் பிறகு கண்காணிப்பு இறுகியபோது மோதலும் கூடியது.

இதற்கு அந்தப் பெண்களே ஒரு வழி கண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்கத் தடைக்காலத்தில் நிறுத்திவைப்பது எனத் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வேரோடு பிடுங்கினால் அடுத்த முறை வளராது என்பது புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, தொழிலில் தெரிந்துகொண்டது. இந்தப் பெண்களை ஒருங்கிணைத்த பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் சர்வதேச விருதைப் பெற்றார்.

விருது கிடைத்தது. ஆனால், அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக அவர்கள் கேட்டது வேறு. பாரம்பரியமாகப் பாசி எடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுத்துபூர்வமாக அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

அரசு மக்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லையா?

சேர்த்துக்கொண்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு 2002 முதல் சுமார் 10 ஆண்டுகள் ஒரு பெரிய திட்டம் நடந்தது. அறக்கட்டளை மூலம் கடலோரக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கடலை மட்டும் நம்பி இருக்காமல் வேறு தொழில் செய்ய சுழல்நிதிக் கடன், பயிற்சி கொடுத்தார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக மீனவக் கிராமங்களைச் சேர்ந்தவர்களையே வேலைக்கு எடுத்தார்கள்.

இது பலன் கொடுத்த இடங்கள் உண்டு. உள்ளூர்க்காரர் காவலுக்கு இருக்கும்போது தகவல் சீக்கிரம் வரும். எந்தப் படகு யாருடையது என்று தெரியும். ஆனால், மாற்றுத்தொழில் கடலில் கிடைக்கிற வருமானத்துக்கு ஈடாக எப்போதும் அமையவில்லை. ஆடு வளர்க்கக் கடன் வாங்கிய குடும்பம், கையில் காசு தேவைப்படும்போது மீண்டும் கடலைத்தான் பார்க்கும்.

ரோந்துப் படகால் தடுக்க முடியாத ஆபத்துகள்

கடல் சூடு: கோடையில் கடல் நீரின் வெப்பம் அளவைத் தாண்டினால் பவளம் நிறமிழந்து வெளுக்கும். சூடு நீடித்தால் செத்துப்போகும். 2016-ல் நடந்த வெளுப்பில், இங்கே உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குக் குறைந்ததாகத் தூத்துக்குடியைச் சேர்ந்த சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது.

அந்நியப் பாசி: பிலிப்பைன்ஸ் பகுதியைச் சேர்ந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி வணிகத்துக்காக இங்கே வளர்க்கப்பட்டது. அது குருசடை தீவின் பவளப்பாறை மேல் போர்வை போலப் படர்ந்திருப்பது 2008-ல் பதிவானது. வெளிச்சம் கிடைக்காமல் அடியில் இருக்கும் பவளம் இறந்துவிடும். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் அகற்றிவருகிறது. ஆனால், ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும். இன்னொரு பக்கம், பாசி வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவையே அரசு அமைக்கிறது. எந்தப் பாசியை எங்கே வளர்ப்பது என்பதில்தான் சவால்.

மூழ்கும் தீவுகள்: 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரைச்சல்லி தீவில் இப்போது மிஞ்சியிருப்பது அதில் சிறு பகுதிதான். பவளத்தை வெட்டியதால் அலைத்தடுப்பு போனது, கடல் மட்டமும் உயர்கிறது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியதில் மண்ணரிப்பு குறைந்தது. அதே முறையைக் காரைச்சல்லியிலும் செய்யத் திட்டம் வகுக்கப்பட்டது.

பாக் விரிகுடாவில் வேறு வழி

2022 செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் இதுதான்.

இதற்குத் தேசியப் பூங்கா பிரிவைப் பயன்படுத்தவில்லை. 2002 திருத்தத்தில் வந்த 'பாதுகாப்பகம்' என்ற பிரிவைப் பயன்படுத்தினார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

• தேசியப் பூங்காவில் உரிமைகள் முடிவுக்கு வரும். பாதுகாப்பகத்தில் மக்களின் தொழில் தொடரலாம்.

• பாதுகாப்பகத்தை அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களிடம் கலந்து பேச வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

• நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் கிராம ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு.

வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை அழைத்து வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை வழங்குகிறது. கிழிந்த வலையோடு கரை திரும்புகிற மீனவருக்கு அந்தத் தொகையும் மரியாதையும் முக்கியம்.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்கா 3,44,400 சதுர கிலோமீட்டர். அங்கே முழுக் கடலையும் பூட்டவில்லை. வரைபடத்தில் நிறம் பிரித்திருக்கிறார்கள். பச்சை நிறப் பகுதியில் மீன் பிடிக்கக்கூடாது. மற்ற நிறங்களில் எந்த முறையில் பிடிக்கலாம் என்று தனித்தனி விதி. 2004-ல் மறுபடி பிரித்தபோது மீன்பிடி இல்லாத பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது, சுமார் 33 சதவீதமாக உயர்ந்தது. எந்த இடத்தில் எது கூடாது என்பது மீனவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் இதில் வசதி.

மன்னார் வளைகுடாவில் கரையோரம் முழுக்க நெருக்கமாக மீனவக் கிராமங்கள் இருப்பதால் இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால், தெளிவான எல்லை, எல்லோருக்கும் தெரிந்த விதி என்ற இரண்டும் இங்கேயும் தேவைதான்.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

மூன்று விஷயங்கள். பூங்கா எல்லை மீனவருக்குக் கடலிலேயே தெரியும்படி மிதவைகள் போட்டுக் குறிக்கப்படுகிறதா? பாசி எடுக்கும் பெண்களின் பாரம்பரிய உரிமைக்கு எழுத்தில் முடிவு வருகிறதா? வனத்துறை, மீன்வளத்துறை, துறைமுகம் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போடுகின்றனவா?

ஏரியின் கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். தண்ணீர் நம்முடையது என்ற எண்ணம்தான் காரணம். மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெட்டுவது நின்றதும், பாசிக்கு 12 நாள் என்று விதி வந்ததும், வலையிலிருந்து கடற்பசு உயிரோடு வெளியே போனதும் அந்த எண்ணம் வந்த இடங்களில்தான். அடுத்த முறை "எல்லை தாண்டிய மீனவர்கள் மீது வனத்துறை வழக்கு" என்ற செய்தி உங்கள் மொபைலில் வந்தால், அந்த எல்லை எது, அதைப் போடும்போது அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.